டேப்புக்காரர் பதில்கள்: பாட்டு இருக்கு, படம் எங்க?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல பழைய படம் பத்திதான். போன இதழ்ல ஆசிரியர் சும்மா இல்லாம, இவரு பினாங்கு லெபோ பாசார் பக்கம் வீடியோ டேப்பு கடை வெச்சிருந்தவர்னு ஒரு வரி போட்டுட்டாரு, அதுல இருந்து டேப்புக்காரரே டேப்புக்காரரேன்னுதான் எழுதுறாங்க. சரி, இந்த தடவ முழுக்க அதையே பேசிடுவோம். முட்டிவலி பத்தி கேட்டிருந்த பாயான் லெப்பாஸ் வாசகர் அடுத்த பக்கத்து டாக்டரம்மாகிட்ட போயிடுங்க.

கேள்வி: ஐயா, எங்கப்பாவுக்கு 81 வயசு. சின்ன வயசுல தோட்டத்து திடல்ல வெள்ளத்துணி கட்டி போட்ட ஒரு படத்த கண்ண மூடறதுக்குள்ள இன்னொருவாட்டி பாத்துடணும்னு சொல்லிட்டே இருக்காரு. மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ், இங்க பினாங்கு லிட்டில் இந்தியா எல்லாம் அலசிட்டேன், டிவிடி இல்ல, விசிடி கூட இல்ல. ஆனா அந்த படத்து பாட்டு 4-ம் யூடியூப்ல இருக்கு. பாட்டு மட்டும் இருக்கு, படம் எங்க போச்சு? (செபராங் ஜெயா வாசகி)

பதில்: அம்மா, நீங்க சரியான எடத்துல கை வெச்சிட்டீங்க. பாட்டு ஒருத்தர் கையில, படம் இன்னொருத்தர் கையில, அதான் விஷயமே. நாம என்ன நெனைக்கிறோம், படம்னா ஒரு வீடு மாதிரி, அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான், தேடி புடிச்சு காசு குடுத்தா சாவிய குடுத்துடுவான்னு. அப்படி கெடையாது. தமிழ் படத்த எடுக்கும்போதே துண்டு துண்டா வித்துத்தான் எடுப்பாங்க. நெகடிவ (பிரிண்ட் போடற மூல பிலிம்) அடமானம் வெச்சு ஃபைனான்ஸியர்கிட்ட கடன், மதுரை ஏரியா ஒருத்தருக்கு, கோயமுத்தூர் ஏரியா இன்னொருத்தருக்கு, 16 எம்எம் (தியேட்டர்ல ஓடற 35 எம்எம்ம விட சின்ன பிலிம், திடல்ல போடறது) தனியா ஒருத்தருக்கு, நம்ம பக்கத்துக்கு எஃப்.எம்.எஸ்-னு ஒரு துண்டு. இன்னைக்கும் கோடம்பாக்கத்துல வெளிநாட்டு உரிமைக்கு எஃப்.எம்.எஸ்-னுதான் பேரு. வெள்ளைக்காரன் காலத்து ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸுக்கும் அதே மூணு எழுத்து, அதுல பேராக், சிலாங்கூர், நெகிரி, பகாங் மட்டும்தானே, பினாங்கு எங்கடான்னு எங்க கடைக்கு வர்ற பெரியவர் ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் கோவிச்சுக்குவாரு.

பாட்டு ஏன் கெடைக்குதுன்னா, அந்த காலத்துலயே இசைத்தட்டு கம்பெனி தனியா ஒப்பந்தம் போட்டு வாங்கிடுச்சு. எச்.எம்.வி. மாதிரி கம்பெனிங்க (இப்ப சரிகமான்னு பேரு) பேப்பர பத்திரமா வெச்சிருந்தாங்க, ரெக்கார்டு போயி கேசட்டு வந்து சிடி வந்து யூடியூப் வந்தாலும் பாட்டோட சொந்தக்காரர் மாறல, கேட்டா கதவ தொறக்க ஒரு ஆபீஸ் இருக்கு. படத்துக்கு அந்த ஆபீஸ் இல்ல. படம் எடுத்த கம்பெனி 2 படம், 3 படத்தோட நொடிச்சு போயிருக்கும், தயாரிப்பாளர் காலமாயிருப்பாரு, பிள்ளைங்க 5 பேருன்னா 5 பேரு கையெழுத்தும் வேணும், அதுல 2 பேரு பேசிக்கறதே இல்லன்னு வெச்சுக்குங்க, முடிஞ்சுது.

நெகடிவ் இருக்கறது இவங்க யார் வீட்டுலயும் இல்ல, பிலிம் கழுவி பிரிண்ட் போடற லேபுல. மெட்ராஸ்ல ஒரு வழக்கம் உண்டு, லேப் லெட்டர்னு சொல்லுவாங்க. கடன் குடுத்த ஃபைனான்ஸியர், என் பாக்கி தீர்ற வரைக்கும் இந்த நெகடிவ்ல இருந்து பிரிண்ட் போடக்கூடாதுன்னு லேபுகிட்ட எழுதி வாங்கிப்பாரு. படம் ஓடலன்னா பாக்கி அப்படியே நிக்கும். அப்புறம் ஃபைனான்ஸியரும் போயிடுவாரு, அவரு பிள்ளைக்கு இப்படி ஒரு லெட்டர் இருக்கறதே தெரியாது, லேபுக்கு மட்டும் தெரியும், லேபு குடுக்காது. டிஜிட்டல் வந்த பிறகு லேபுங்களே ஒண்ணொண்ணா மூடிடுச்சு. வேண்டாம்னு சொல்ல பேப்பர் இருக்கு, சரின்னு சொல்ல ஆளு இல்ல, இப்படித்தான் நெறைய படம் கெடக்குது.

என் கதைய ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு நல்லா புரியும். 1986-ல நானு மெட்ராஸ் போயி தி.நகர்ல ஒரு லாட்ஜுல பத்து நாளு தங்கி, ஒரு கறுப்பு வெள்ளை படத்துக்கு மலேசியா வீடியோ ரைட்ஸ் வாங்கிட்டு வந்தேன். தயாரிப்பாளர் மகன் கையெழுத்து போட்ட ஸ்டாம்ப் பேப்பர், சாட்சி, சீலு, எல்லாம் சரி. 40 டேப்பு காப்பி போட்டு அலமாரில அடுக்கி மூணாம் நாளு காலைல நான் பசியாறிட்டு இருக்கேன், ஈப்போவுல இருந்து ஒரு பெரியவர் பஸ் புடிச்சு வந்து நிக்கறாரு, கையில மஞ்சப்பை. பைக்குள்ள மகனோட அப்பாவே கையெழுத்து போட்ட பழைய டைப் அடிச்ச ஒப்பந்தம், மலாயா முழுக்க 16 எம்எம் உரிமையும், அதோட "35 எம்எம்முக்கு குறைஞ்ச எல்லா அளவும்" இவருக்குத்தான், காலவரை இல்ல. ஐயா இது வீடியோ, பிலிம் இல்லன்னேன். அவரு அசரல. என் கடை அளவுகோலையே எடுத்து, ஒரு கேசட்டோட மூடிய தூக்கி, டேப்ப மெதுவா இழுத்து அளந்து காட்டுறாரு, அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். "35-க்கு குறைச்சலா இல்லையா, நீயே சொல்லு தம்பி"ங்கறாரு.

லாயர்கிட்ட போனேன். லாயர் கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சிட்டு, கேஸு போட்டா நீ ஜெயிக்கலாம், ஆனா வருஷக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் டேப்ப வெளிய விடாதேன்னுட்டாரு. நான் ஒரு டேப்ப 2 வெள்ளி வாடகைக்கு விடறவன், எனக்கு எதுக்கு ஹைகோர்ட்டு. 40 டேப்பும் பொட்டிக்குள்ள போச்சு. அந்த பெரியவர் ஏமாத்துக்காரர் இல்லம்மா, அவரு காசு குடுத்து வாங்கினது நெசம். தயாரிப்பாளர் மகனும் பொய் சொல்லல, அப்பா போட்ட பேப்பர் அவருக்கு தெரியாது. வீடியோன்னு ஒண்ணு வரும்னு ஐம்பதுகள்ல ஒப்பந்தம் டைப் அடிச்சவருக்கு எப்படி தெரியும்?

இந்த தலைவலிக்கு இந்தியாவுல 2012-ல காப்பிரைட் சட்டத்த திருத்தி மருந்து குடுத்தாங்க. ஒப்பந்தம் போட்ட நேரத்துல இல்லாத, புழக்கத்துக்கே வராத ஒரு வழியில படத்த விக்கறதுக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, பேரு சொல்லி எழுதியிருந்தா ஒழியன்னு. 1994 திருத்தத்துலயும் ஒரு நல்ல வரி உண்டு, எத்தன வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்தான், எந்த நாடுன்னு எழுதலன்னா இந்தியா மட்டும்தான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கு கீழயே இன்னொரு வரி, இந்த சட்டம் வர்றதுக்கு முன்னாடி போட்ட ஒப்பந்தத்துக்கு இது ஒட்டாதுன்னு. உங்கப்பா படத்துக்கு வேண்டியதே அந்த பழைய ஒப்பந்தம்தானே.

கேள்வி: பழைய படம்னா காப்பிரைட் முடிஞ்சிருக்கும்ல? அப்புறம் யாரு வேணும்னாலும் டிவிடி போடலாமே? (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

பதில்: பாதி சரி தம்பி. இந்தியாவுல படத்துக்கு 60 வருஷம், வெளியான வருஷம் முடிஞ்சு அடுத்த ஜனவரி 1-ல இருந்து எண்ணணும். 1964 படம்னா 2024 டிசம்பரோட சரி. நம்ம நாட்டு 1987 சட்டத்துல படத்துக்கு 50 வருஷம். ஆனா படத்துக்குள்ள இருக்கற பாட்டு வரி, கதை வசனம் இதுக்கெல்லாம் கணக்கு வேற, எழுதினவரு காலமான பிறகு எண்ண ஆரம்பிக்கணும், இந்தியாவுல 60, இங்க 50. கண்ணதாசன் 1981-ல போயிட்டாரு, அவரு வரிங்களுக்கு இந்தியாவுல 2041 முடியற வரைக்கும் உயிர் இருக்கு. படம் ஊருக்கு பொதுவாயிடுச்சு, அதுக்குள்ள வர்ற பாட்டு பொதுவாகல, இப்ப டிவிடி போடறவன் என்ன பண்ணுவான், பாட்டு வர்றப்ப சவுண்ட கொறச்சு வெப்பானா?

இன்னொண்ணு, உரிமை பொதுவாகலாம், பிலிம் பொட்டி பொதுவாகாது. அது யாரு குடோன்ல இருக்கோ அவங்க சாமான். புனேல 1964-ல ஆரம்பிச்ச தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கு, அங்க பிரிண்ட பாதுகாத்து வெச்சிருப்பாங்க, அதுக்காக அந்த படம் அவங்களுக்கு சொந்தம்னு அர்த்தமில்ல. உரிமை உள்ள படம்னா காப்பி கேக்கும்போது உரிமைக்காரரோட கடுதாசி வேணும். அந்த ஆள தேடித்தானே நாம அங்க போனோம்.

கேள்வி: அப்படின்னா தியேட்டர்ல பழைய படம் மறுபடி ஓட்டுறாங்களே, அது மட்டும் எப்படி? (செந்தூல் வாசகி)

பதில்: காசு வரும்னு தெரிஞ்சா தேடுவாங்க, அவ்வளவுதான். 2012-ல கர்ணன் படத்த, அது 1964-ல வந்தது, சவுண்டெல்லாம் சரி பண்ணி மறுபடி போட்டாங்க, புதுப்படம் மாதிரி 100 நாள தாண்டி ஓடிச்சு. அத பாத்துட்டுத்தான் 2014-ல ஆயிரத்தில் ஒருவனும் வந்துச்சு. சிவாஜி, எம்ஜிஆர்னா லாயர் செலவு கட்டுப்படியாகும். உங்க தாத்தாவுக்கு புடிச்ச, ரெண்டாந்தர நடிகர் நடிச்ச, 5 வாரம் ஓடின படத்துக்கு யாரு லாயர் வெப்பா? உரிமை சண்ட எல்லா படத்துக்கும் இருக்கு, சண்டைய தீர்த்து வெக்கற அளவுக்கு பெறுமானம் கொஞ்ச படத்துக்குத்தான் இருக்கு. டிவிடி கம்பெனிக்காரன வில்லனாக்க எனக்கு மனசு வரல, அவனும் நானு பண்ணதத்தான் பண்றான், பயந்து பொட்டிக்குள்ள வெச்சிடறான்.

பெரிய படத்துக்கே என்னாச்சுன்னு பாருங்க. குணா 1991 படம், அப்படி ஒண்ணும் பழசு இல்ல, கமல் படம். 2024-ல மலையாளத்துல மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்து குணா படத்து குகையும் பாட்டும் எல்லார் வாயிலயும் அடிபட்ட சூட்டோட சூடா குணாவ மறுபடி தியேட்டருக்கு கொண்டு வர பாத்தாங்க. உரிமை என்னுதுன்னு ஒருத்தர் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போக, கோர்ட்டு தடை போட்டுடுச்சு. நவம்பர் கடைசிலதான் படம் வெளிய வந்துச்சு, அதுக்குள்ள சூடு ஆறிப் போச்சு. 33 வருஷத்து படத்துக்கே இந்த கதி, உயிரோட ஆளுங்க இருக்கறப்பவே.

கேள்வி: இதெல்லாம் நம்ம ஆளுங்க ஒழுங்கா பேப்பர் வெக்காததால வர்றது, ஹாலிவுட்ல இப்படி நடக்குமா? (பங்சார் வாசகர், 24 வயசு)

பதில்: இந்த "நம்ம ஆளுங்க"ங்கற பேச்ச விடுங்க தம்பி. அங்க லாயருக்கு லாயர் வெச்சு எழுதுவாங்க, அப்பவும் மாட்டுவாங்க. 1966-ல வந்த பேட்மேன் டிவி தொடர் தெரியும்ல, எடுத்தது டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆனா பேட்மேன்ங்கற ஆளு டிசி காமிக்ஸ், வார்னர் பக்கம். ரெண்டு பெரிய கம்பெனி முறைச்சுக்கிட்டு நின்னதுல முழு தொடரும் டிஸ்க்கா வந்தது 2014-ல. கில்லர் ஆஃப் ஷீப்னு ஒரு அமெரிக்க படம், சார்லஸ் பர்னெட்டுன்னு ஒரு காலேஜ் மாணவர் எழுபதுகள்ல எடுத்தது, படம் பூரா நல்ல நல்ல பழைய பாட்டு, உரிமை வாங்காம போட்டுட்டாரு, பாவம் கைல ஏது காசு. பாட்டுக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் கட்டி 2007-லதான் ஊரு பாக்கற மாதிரி வெளிய வந்துச்சு. அதாவது அங்க நம்மளுக்கு நேர் தலைகீழ், படத்துக்கு சொந்தக்காரர் பக்கத்துலயே நிக்கறாரு, பாட்டுதான் அவரு கையில இல்ல.

ஆனா என் வீட்டுக்காரம்மாவுக்கு புடிச்சது ரியர் விண்டோ கதை, அத கேட்டா இன்னும் சிரிப்பாங்க. ஹிட்ச்காக் 1954-ல எடுத்தாரு, மூலக்கதை 1942-ல வந்த ஒரு சிறுகதை. அந்த காலத்து அமெரிக்க சட்டப்படி 28 வருஷம் முடிஞ்சா காப்பிரைட்ட புதுப்பிக்கணும். கதை எழுதினவரு, புதுப்பிக்கும்போது படத்து உரிமை வாங்கினவங்களுக்கே தர்றேன்னு வாக்கு குடுத்திருந்தாரு, ஆனா அந்த நாள் வர்றதுக்குள்ள 1968-ல போயிட்டாரு. அவரு சொத்த பாத்துக்கிட்ட பேங்கு கதைய புதுப்பிச்சு வேற ஒருத்தருக்கு வித்துடுச்சு, எவ்வளவுக்கு தெரியுமா, 650 டாலரும் வர்றதுல 10 பெர்சன்ட்டும். அப்படி வாங்கினவரு கேஸு போட்டு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1990-ல ஜெயிச்சாரு. செத்துப்போன ஆளோட வாக்கு செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. நம்ம ஈப்போ பெரியவருக்கு அமெரிக்காவுல ஒரு தம்பி!

கேள்வி: ஷா பிரதர்ஸ் சண்டை படங்க ஒரு காலத்துல கெடைக்கவே கெடைக்காது, பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) மங்கலா ஒரு காப்பி வரும், திடீர்னு எல்லாம் பளபளன்னு டிவிடியா வந்துச்சே, அங்க மட்டும் சண்டை இல்லையா? (ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி, இதுல நம்ம ஊரு பெருமை ஒண்ணு இருக்கு. ஷா பிரதர்ஸ்காரங்க ஹாங்காங்ல எடுத்த படங்கள ரொம்ப காலம் வீடியோவுக்கு குடுக்காம பூட்டி வெச்சிருந்தாங்க. 2000-ல செலஸ்டியல் பிக்சர்ஸ்னு ஒரு கம்பெனி 760 படத்துக்கு உரிமை வாங்கி, துடைச்சு சுத்தம் பண்ணி, 2002 கடைசில இருந்து வெளிய விட ஆரம்பிச்சுது. அந்த கம்பெனிக்கு பின்னாடி இருந்தது நம்ம ஆனந்த கிருஷ்ணன், பிரிக்ஃபீல்ட்ஸ்ல பொறந்து ஆஸ்ட்ரோ டிவிய நடத்தினாரே, அவரேதான்.

அங்க ஏன் முடிஞ்சுது? ஷாகாரங்க ஸ்டூடியோ, நடிகர், டைரக்டர், லேபு, தியேட்டர் எல்லாத்தையும் ஒரே கூரைக்கு கீழ வெச்சிருந்தாங்க, எல்லாருக்கும் மாசச் சம்பளம், படம் மொத்தமும் ஒரே எடத்துல சொந்தம். ஒரு செக்கு எழுதினா 760 படம். நம்ம கோடம்பாக்கத்து படத்துல 760 வாங்கணும்னா எத்தன வீட்டு கதவ தட்டணும், எத்தன மஞ்சப்பைய பிரிச்சு பாக்கணும்னு யோசிச்சு பாருங்க. ஆனந்த கிருஷ்ணன் தமிழ் பட லைப்ரரிய ஏன் இப்படி மொத்தமா வாங்கலன்னு கடையில எத்தனையோ பேரு என்கிட்ட சண்டை போட்டிருக்காங்க. வாங்க மொத்தமா ஒண்ணு இருந்தாத்தானேய்யா.

கேள்வி: காணாம போன எல்லா படமும் உரிமை தகராறாலதானா?

பதில்: இல்லீங்க. முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸ், 1931, ஒரு காப்பி கூட இல்ல, அதுல சண்டை போட என்ன இருக்கு. நம்ம பக்கத்துல 1957-ல பி.என். ராவ் எடுத்த பொந்தியானாக், அந்த படமும் போச்சு, தயாரிப்பாளரே சுருள தூக்கி ஈயம் தோண்டின குட்டையில போட்டுட்டாருன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ஆனா தகராறும் சாவும் ஒண்ணுக்கொண்ணு உறவுதான். பொட்டிக்குள்ள பூட்டி வெச்சு கோர்ட்டு தேதி பாத்துட்டு இருக்கறப்ப பிலிமு காத்திருக்காது, சூடும் ஈரமும் பட்டா புளிச்ச காடி வாடை அடிக்க ஆரம்பிச்சிடும், அந்த வாடை வந்துடுச்சுன்னா சுருங்கி வளைஞ்சு ஒட்டிக்கும். தீர்ப்பு வாங்கிட்டு போயி பொட்டிய தொறந்தா உள்ள அப்பளம்.

கேள்வி: டேப்புக்காரரே, என்கிட்ட எங்க மாமா வெச்சிட்டு போன பழைய டேப்பு 2 பொட்டி இருக்கு, அதுல எங்கயும் கெடைக்காத படம் இருக்கு. யூடியூப்ல போடலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: போட்டீங்கன்னா மொத பாட்டு வர்ற எடத்துலயே இசை கம்பெனிகிட்ட இருந்து க்ளைம் வரும், அப்புறம் படத்துக்கு உரிமை எனக்குன்னு நீங்க கேள்விப்படாத ஒருத்தர் வருவாரு, 3 தடவ ஸ்ட்ரைக்னு எச்சரிக்கை வந்தா சேனலே போச்சு. நான் போடுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா டேப்ப சும்மா வெக்காதீங்க, இந்த ஊரு ஈரத்துக்கு உள்ள வெள்ளையா பூஞ்சை புடிச்சிடும். சின்ன ஜன்னல் வழியா சுருளோட ஓரத்த டார்ச்சு அடிச்சு பாருங்க, வெள்ளைப்பொடி தெரிஞ்சா பிளேயர்ல போட்டுடாதீங்க, டேப்பும் போகும், பிளேயர் ஹெட்டும் போகும். சுத்தமா இருந்தா மொதல்ல டிஜிட்டலா மாத்தி ரெண்டு எடத்துல வெச்சுக்குங்க. கவர தூக்கி போடாதீங்க, அதுல யாரு வெளியிட்டது, உரிமை யாருதுன்னு போட்டிருக்கும், நாளைக்கு யாராவது தேடி வந்தா மொதல்ல கேக்கறது அதத்தான்.

இத எழுதும்போது மனசு கேக்காம என் பொட்டியையும் பரண்ல இருந்து எறக்கி பாத்தேன். 40-ல 31 பூஞ்சை. மிச்சம் 9-ல ஒண்ண போட்டு பாத்தேன், படம் வருது, சவுண்டு கொஞ்சம் அமுங்கி வருது. ஈப்போ பெரியவர் போயி ரொம்ப வருஷம் ஆச்சு, அவரு பிள்ளைங்க எங்க இருக்காங்களோ.

செபராங் ஜெயா அம்மா, உங்கப்பா கேக்கற படம் இது இல்ல, உங்க கடுதாசில பேர பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. அவரு எந்த தோட்டம்னு ஒரு வரி எழுதி போடுங்க. உங்க பக்கத்து தோட்டங்களுக்கு 16 எம்எம் மிஷின தூக்கிட்டு போயி படம் ஓட்டினவரோட மகன் சுங்கை பக்காப்ல இருக்காரு, அப்பா விட்டுட்டு போன பொட்டி 6 இன்னும் வீட்டுக்கு பின்னால இருக்காம். ஞாயித்துக்கிழமை போறேன்.